தடை விழுந்த நாட்டின் பங்கு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். பொருளாதாரத் தடைக்கு உள்ளான ஒரு நாட்டில் நல்ல எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பங்கு, ஆண்டு லாபத்தைப்போல் மூன்று மடங்கு விலைக்கே கிடைக்கிறது. வேறு நாட்டில் இருந்திருந்தால் பத்து மடங்குக்குக் குறைந்து கிடைக்காது. தடை நீங்கினால் விலை மூன்று நான்கு மடங்காகும், நீங்காவிட்டாலும் ஏற்கெனவே இவ்வளவு விழுந்துவிட்டதே, இதற்குமேல் எவ்வளவு விழும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விபோல இது தெரிகிறது. ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு, அதை இப்போதே கணக்குப் போட முடியுமா என்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டுப் பங்குகளின் கஸ்டடி, செட்டில்மென்ட் வேலையில் இருந்தவன். முதலீட்டாளர் வாங்கிய பங்கு எங்கே, யார் கணக்கில் இருக்கிறது, ஈவுத்தொகை எந்த வழியாக வந்து சேர்கிறது, விற்றால் பணம் எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் அந்த வேலை. எந்தப் பங்கு ஏறும் என்று சொல்லும் திறமை எனக்கு இல்லை. நான் வழக்கறிஞரும் இல்லை. உங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எதை அனுமதிக்கிறது என்பதை அது தெரிந்த ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் பங்குக்கும் அதன் உரிமையாளருக்கும் நடுவில் என்னென்ன அறுபடும் என்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். தடை விஷயத்தில் மீளவே முடியாத நஷ்டங்கள் அங்கேதான் நடக்கின்றன.

பங்கு வாங்கினால் அது நேரே நம் கைக்கு வந்துவிடுவதாகத் தோன்றும். செயலியில் நம் பெயரும் எண்ணிக்கையும் தெரிகிறது அல்லவா? உண்மையில் வெளிநாட்டுப் பங்கு ஒரு நீண்ட சங்கிலியின் முனையில் இருக்கிறது. உங்கள் தரகர் ஒரு பெரிய கஸ்டடி வங்கியில் கணக்கு வைத்திருப்பார். அந்த வங்கி யூரோகிளியர், கிளியர்ஸ்ட்ரீம் போன்ற பன்னாட்டு டெபாசிட்டரியிலோ (பங்குகளை மின்னணுப் பதிவாக வைத்துக் காக்கும் மையம்), அந்த நாட்டின் உள்ளூர் வங்கி ஒன்றிலோ கணக்கு வைத்திருக்கும். அங்கிருந்து அந்த நாட்டின் தேசிய டெபாசிட்டரி. கடைசியில்தான் நிறுவனத்தின் பங்குதாரர் பதிவேடு. நான்கைந்து கண்ணிகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு நாட்டுச் சட்டத்தின் கீழ். மேலே உள்ள பல கண்ணிகளில் எழுதியிருப்பது அதற்கு அடுத்த நிறுவனத்தின் பெயர்தான், உங்கள் பெயர் இல்லை. சாதாரண நாளில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. தடை வந்தால் இந்தக் கண்ணிகளில் ஏதோ ஒன்று அறுகிறது. பங்கு அந்தப் பக்கம் அப்படியே இருக்கும், நிறுவனம் நல்ல லாபம்கூட ஈட்டும். உங்களால் அதைத் தொட முடியாது.

2022இல் ரஷ்யாவில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். பிப்ரவரி 24 அன்று உக்ரைன்மீது படையெடுப்பு தொடங்கியது. அன்று ஒரே நாளில் மாஸ்கோ பங்குச்சந்தைக் குறியீடு 33 சதவீதம் விழுந்து முடிந்தது. நடுவில் 45 சதவீதம் வரை இறங்கியது. மறுநாள் வெள்ளிக்கிழமை 20 சதவீதம் ஏறியது. மற்றவர்கள் பயந்து விற்றபோது வாங்கியவர்களுக்கு அன்று மாலை பெரிய லாபம் கண்ணுக்குத் தெரிந்தது. மலிவாகும்போது வாங்கு என்ற பாடத்தை அவர்கள் சரியாகவே செய்திருந்தார்கள். திங்கள்கிழமை பங்குச்சந்தை திறக்கவில்லை. அன்றே ரஷ்ய மத்திய வங்கி, வெளிநாட்டவரின் விற்பனை ஆணைகளை ஏற்கக் கூடாது என்று தரகர்களுக்கு உத்தரவிட்டது. வட்டி விகிதத்தையும் 9.5 சதவீதத்திலிருந்து 20க்கு உயர்த்தியது. மார்ச் 24இல் 33 நிறுவனப் பங்குகளோடு சந்தை மறுபடி திறந்தபோதும் வெளிநாட்டவர் விற்க அனுமதி இல்லை. பிப்ரவரி 25 வெள்ளிக்கிழமைதான் வெளியேறும் கடைசி நாள் என்று அன்று அவர்களுக்குத் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தடை என்றாலே அமெரிக்காவோ ஐரோப்பிய ஒன்றியமோ போடுவது என்றுதான் நினைக்கிறோம். வெளிநாட்டு முதலீட்டாளரின் கையை முதலில் கட்டியது மாஸ்கோ போட்ட உத்தரவு. ஒரு பக்கம் தடை விதித்தால் மறுபக்கம் பதில் நடவடிக்கை எடுக்கும், அதற்கு எளிதாகக் கிடைப்பது அந்த நாட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் வெளிநாட்டுப் பணம். உங்கள் நாட்டு அரசு எதைத் தடுக்கும் என்று மட்டும் பார்த்தால் பாதி அபாயத்தைத்தான் பார்த்திருப்பீர்கள்.

நான் லண்டனில் பட்டியலிட்ட பங்கைத்தானே வாங்கினேன் என்று அப்போது பலர் கேட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது டெபாசிட்டரி ரசீது. ஒரு வங்கி ரஷ்யாவில் பங்கை வாங்கி வைத்துக்கொண்டு, அதன்மேல் லண்டனில் டாலரில் விற்கும் ரசீது. ரஷ்யாவின் மிகப் பெரிய வங்கியான ஸ்பேர்பேங்கின் ரசீது பிப்ரவரி நடுவில் 10 டாலருக்கு மேல் விற்றது. மார்ச் 2இல் ஒரு சென்ட் வரை வந்தது. மறுநாள் லண்டன் பங்குச்சந்தை ரஷ்ய ரசீதுகளின் வர்த்தகத்தை நிறுத்தியது. அதே ஸ்பேர்பேங்க் 2023இல் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபிள் லாபம் ஈட்டியது, அதுவரை அது கண்ட மிக அதிக லாபம். நிறுவனத்தைப் பற்றி நீங்கள் போட்ட கணக்கு முழுக்கச் சரியாக இருந்து, உங்களுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ரசீதின் கதை அங்கே முடியவில்லை. 2022 ஏப்ரலில் ரஷ்யா ஒரு சட்டம் போட்டு, தன் நிறுவனங்களின் ரசீதுகளை வெளிநாட்டுச் சந்தைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. ரசீதை உள்ளூர்ப் பங்காக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ரஷ்ய டெபாசிட்டரியில் கணக்கு வேண்டும். வெளியில் இருந்த சாதாரண முதலீட்டாளருக்கு அந்தக் கணக்கு கிடைப்பது பெரும்பாடு. ரசீது வழங்கிய வங்கிகளுக்கே தங்கள் பொறுப்பில் இருந்த பங்குகள்மேல் முழுப் பிடி இல்லாமல் போயிற்று. ரசீதுகளுக்கு அடியில் இருக்க வேண்டிய பங்குகளில் ஒரு பகுதி குறைகிறது என்று 2023இல் டாய்ச்சே வங்கி வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தது. தங்கள் ஒப்புதல் இல்லாமல் ரஷ்யாவில் மாற்றம் நடந்ததே காரணம் என்றது அந்த வங்கி.

அந்த மார்ச் மாதம் எங்கள் அலுவலகத்தில் நடந்தது இன்னும் என் மனதில் இருக்கிறது. உலக முதலீட்டு நிதிகள் பின்பற்றும் குறியீடுகளைத் தயாரிக்கும் எம்எஸ்சிஐ நிறுவனம், ரஷ்யப் பங்குகளை வளரும் சந்தைகள் குறியீட்டிலிருந்து மார்ச் 9 முடிவோடு நீக்குவதாகவும், நீக்கும் விலை நடைமுறையில் பூஜ்யம் என்றும் அறிவித்தது. எங்கள் வாடிக்கையாளர்களின் அறிக்கையிலும் அப்படியே எழுத வேண்டியிருந்தது. பங்குகளின் எண்ணிக்கை மாறவில்லை, அதற்கு எதிரே மதிப்பு மட்டும் பூஜ்யம். வயதான ஒரு பெண்மணி தொலைபேசியில் கேட்டார்: "பங்கு இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்." இருக்கிறது அம்மா, ஆனால் விற்க முடியாது என்றேன். எப்போது முடியும் என்றார். பதில் என்னிடம் இல்லை. அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பெரிய பகுதி அந்த ஒரே நாட்டு நிதியில் இருந்தது. இதை நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

ஈடிஎஃப், அதாவது பல பங்குகளைச் சேர்த்துப் பங்குச்சந்தையிலேயே விற்கும் நிதி, வழியாக வாங்கினால் தப்பலாம் என்பதும் பொய்த்தது. அமெரிக்காவில் ரஷ்யப் பங்குகளுக்கென்றே இருந்த வான்எக், ஐஷேர்ஸ் நிதிகளின் வர்த்தகம் 2022 மார்ச்சில் நின்றது. பிறகு இரண்டுமே கலைக்கப்பட்டன. அதே நேரம், வளரும் சந்தைகள் முழுவதையும் தழுவும் பொதுக் குறியீட்டு நிதியில் ரஷ்யாவின் பங்கு போருக்கு முன் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். அதை வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு மூன்று ரூபாய் அளவில் இழந்தார்கள். ஒற்றை நாட்டு நிதி வைத்திருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்தார்கள்.

மாஸ்கோவில் நேரடியாகப் பங்கு வைத்திருந்த வெளிநாட்டவருக்கு ஈவுத்தொகை வந்ததா என்றால், ஒரு வகையில் வந்தது. 'நட்பில்லாத நாடுகள்' என்று ரஷ்யா வகைப்படுத்திய நாட்டவருக்குரிய தொகை, டைப் சி என்ற தனிக் கணக்கில் ரூபிளில் போடப்பட்டது. அந்தக் கணக்கிலிருந்து பணத்தை வெளியே எடுத்துச் செல்ல முடியாது. 2023இல் மாஸ்கோ குறியீடு சுமார் 44 சதவீதம் ஏறியது. வெளிநாட்டவரில் பெரும்பாலோர் அதை வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது. அப்புறம், 2024 ஜூன் 12இல் அமெரிக்கா மாஸ்கோ பங்குச்சந்தையையும் அதன் கிளியரிங், டெபாசிட்டரி நிறுவனங்களையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. மறுநாளே அங்கே டாலர், யூரோ வர்த்தகம் நின்றது. முதல் தடை வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு இது நடந்தது. விழ வேண்டியதெல்லாம் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்ற உங்கள் எண்ணத்தை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். தடை படிப்படியாகத்தான் இறுகுகிறது.

மறுபக்கமும் இதே துன்பம்தான். ரஷ்யாவில் சாதாரண மக்கள் லட்சக்கணக்கானோர் அமெரிக்க, ஐரோப்பியப் பங்குகளைத் தங்கள் ஊர்த் தரகர் வழியாக வாங்கியிருந்தார்கள். அவர்களுடைய தேசிய டெபாசிட்டரியின் கணக்கை யூரோகிளியரும் கிளியர்ஸ்ட்ரீமும் முடக்கின. 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் அந்த டெபாசிட்டரியையே தடைப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் வாங்கியது தடை விழாத நாட்டின் நல்ல நிறுவனங்களின் பங்குகள். சங்கிலியில் ஒரு கண்ணி தடையில் மாட்டியது, அவ்வளவுதான். பிற்பாடு ரஷ்ய அரசு ஒரு பரிமாற்றத் திட்டம் கொண்டுவந்தபோது ஒருவருக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபிள் மதிப்புக்குத்தான் இடம் இருந்தது.

இதுவரை சொன்னது ஒரு பெரிய பொருளாதாரத்தின் மேல் பல நாடுகள் சேர்ந்து விதித்த தடை. எல்லாத் தடையும் இப்படி இருக்காது, அதனால் உங்கள் பங்கு எந்த வகையில் சிக்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சில தடைகள் குறிப்பிட்ட நிறுவனத்தின் மேல் விழும். சில, புதிதாக வாங்குவதை மட்டும் தடுக்கும். 2022 ஜூனில் அமெரிக்க நிதித்துறை ரஷ்யப் பங்குகளுக்குச் சொன்னது அதைத்தான்: அமெரிக்கர் இனி வாங்கக் கூடாது, ஏற்கெனவே உள்ளதை வைத்துக்கொள்ளலாம், அமெரிக்கர் அல்லாதவருக்கு விற்கலாம். அனுமதி இருந்து என்ன, வாங்குவதற்கு ஆள் வேண்டுமே. இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். தடைப் பட்டியலில் உள்ளவர்கள் சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் அமெரிக்கச் சட்டப்படி முடக்கப்பட்டதாகவே கருதப்படும். ஆக, நீங்கள் வாங்கிய நிறுவனத்தின் பெரிய பங்குதாரர் யார் என்பது உங்களுக்கு நேரடிக் கவலை.

நிறுவனம் மட்டும் சிக்கியபோது முடிவு வேறாக இருந்திருக்கிறது. 2018 ஏப்ரல் 6இல் ருசால் என்ற ரஷ்ய அலுமினிய நிறுவனத்தை அமெரிக்கா பட்டியலில் சேர்த்தது. அடுத்த வர்த்தக நாளில் ஹாங்காங்கில் அதன் பங்கு விலை பாதியானது. ஆனால் உலக அலுமினியச் சந்தையே ஆட்டம் கண்டதால், அதனுடனான வியாபாரத்தை முடித்துக்கொள்ளத் தந்த அவகாசம் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனது. அதன் பெரும் பங்குதாரரான ஓலெக் டெரிபாஸ்கா, தாய் நிறுவனத்தில் தன் பங்கை 50 சதவீதத்துக்குக் கீழே குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். 2019 ஜனவரியில் தடை நீங்கியது. சீனாவின் கைபேசி நிறுவனமான ஷாவ்மி 2021 ஜனவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பட்டியலில் சேர்ந்தது. நீதிமன்றம் போய், அந்த நடவடிக்கையை நிறுத்திவைக்கும் இடைக்கால உத்தரவை மார்ச்சில் வாங்கியது, மே மாதம் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. இவற்றில் துணிந்து வாங்கியவர்கள் லாபம் பார்த்தார்கள் என்பதை மறைக்க மாட்டேன்.

சீனத் தொலைபேசி நிறுவனமான சைனா மொபைலின் கதை இரண்டுக்கும் நடுவில். 2020 நவம்பரில் வந்த அமெரிக்க அதிபரின் ஆணைப்படி அதன் பங்கை நீக்குவதாக டிசம்பர் 31இல் நியூயார்க் பங்குச்சந்தை அறிவித்தது. ஜனவரி 4இல் நீக்கவில்லை என்றது. 6ஆம் தேதி மறுபடியும் நீக்குவோம் என்றது. 11இல் வர்த்தகம் நின்றது. பங்குச்சந்தை நிர்வாகத்துக்கே ஆணையின் பொருள் ஒரு வாரத்தில் மூன்று விதமாகத் தெரிந்திருக்கிறது என்றால், வீட்டிலிருந்து படித்து நாம் சரியாகப் புரிந்துகொள்வோம் என்று நம்ப முடியுமா? அமெரிக்க முதலீட்டாளர்கள் தாழ்ந்த விலையில் விற்க வேண்டி வந்தது. ஹாங்காங்கில் வைத்திருந்த மற்ற நாட்டவர் ஈவுத்தொகையும் வாங்கினார்கள், பிற்பாடு நல்ல விலையும் பார்த்தார்கள். ஒரே பங்கு, ஒரே நிறுவனம். உரிமையாளரின் குடியுரிமையும் கணக்கு இருந்த இடமும் முடிவை மாற்றின.

சட்டம் அனுமதித்தாலும் உங்கள் தரகர் அனுமதிக்காமல் போகலாம். இதை அனுபவத்தில் அடிக்கடி பார்த்தேன். 2014இல் பிஎன்பி பாரிபா வங்கி, சூடான், ஈரான், கியூபா தொடர்பான தடைகளை மீறியதற்காக சுமார் 890 கோடி டாலர் கட்டியது. அதற்குப் பிறகு எந்த வங்கியின் இணக்கப் பிரிவும் (விதி மீறல் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவு) சந்தேகமான ஒரு பரிவர்த்தனைக்குத் தலையாட்டுவதில்லை. சில ஆயிரம் டாலர் வாடிக்கையாளருக்காக அவர்கள் ஏன் ஆபத்தில் இறங்க வேண்டும்? கணக்குத் திறக்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், தடை சந்தேகம் வந்தால் கணக்கை நிறுத்தலாம் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பணவீக்கமும் நாணயமும் தனிக் கதை. ஈரானில் தெஹ்ரான் பங்குச்சந்தை 1967இலிருந்து இயங்குகிறது, உள்ளூர் மக்கள் ஏராளமாக முதலீடு செய்கிறார்கள். 2020 மார்ச்சில் 5 லட்சம் அளவில் இருந்த அதன் குறியீடு ஆகஸ்டில் 20 லட்சத்தைத் தாண்டியது. அரசே மக்களைப் பங்கு வாங்கச் சொல்லி ஊக்குவித்தது. அதன் பிறகு மாதக்கணக்கில் விழுந்து கிட்டத்தட்ட பாதியானது. கடைசியில் வந்து சேர்ந்த சின்ன சேமிப்பாளர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். அதைவிடப் பெரியது நாணயச் சரிவு. 2015இல் ஒரு டாலருக்கு 35,000 ரியால் அளவில் இருந்தது, 2025இல் வெளிச்சந்தையில் 10 லட்சத்தைத் தாண்டியது. ஆக, அந்தப் பத்து ஆண்டில் குறியீடு 30 மடங்கு ஏறியிருந்தால்தான் டாலர் கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். வெனிசுவேலாவில் 2008, 2018, 2021 என மூன்று முறையில் நாணயத்திலிருந்து மொத்தம் 14 பூஜ்யங்களை எடுத்தார்கள். அங்கே குறியீட்டின் வரைபடத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

நிறுவனத்துக்குள்ளும் சிறு பங்குதாரரின் நிலை மாறிவிடும். 2022 மே மாதம் ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் இயக்குநர் குழு, பங்குக்கு 52.53 ரூபிள் ஈவுத்தொகை தரப் பரிந்துரைத்தது. ஜூன் 30இல் பங்குதாரர் கூட்டம் அதை நிராகரித்தது, அங்கே பெரும்பான்மை அரசின் கையில். பங்கு ஒரே நாளில் சுமார் 30 சதவீதம் விழுந்தது. தடையால் வருமானம் குறையும்போது அரசு முதலில் கைவைப்பது தன் பெரிய நிறுவனங்களின் பணத்தில்தான், வரியாகவோ வேறு வகையிலோ. 2023இல் காஸ்ப்ரோம் கால் நூற்றாண்டில் முதல்முறையாக ஆண்டு நஷ்டம் காட்டியது. அதுவாவது கணக்கை வெளியிட்டது. 2022இல் ரஷ்ய நிறுவனங்கள் பலவற்றுக்கு நிதி அறிக்கையை வெளியிடாமல் இருக்க அனுமதி தரப்பட்டது. உங்களுடைய 'லாபத்தைப்போல் மூன்று மடங்கு' என்ற கணக்கில் அந்த லாபம் எந்த ஆண்டினுடையது, யார் தணிக்கை செய்தது என்று பாருங்கள். அந்த எண்ணை நம்பித்தான் மலிவு என்கிறீர்கள்.

இங்கே வரை சொன்னவை நடந்தவை, உறுதியானவை. இனிச் சொல்வது என் கருத்து. தடை எப்போது நீங்கும் என்பதை யாராலும் நம்பகமாகச் சொல்ல முடியாது. சொல்பவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். கியூபாவின் மேல் அமெரிக்கத் தடை 1962இலிருந்து நீடிக்கிறது. அங்கே சொத்துகளை இழந்த அமெரிக்கர்களின் கோரிக்கைகள் 5,913, அசல் மட்டும் சுமார் 190 கோடி டாலர் என்று ஓர் ஆணையம் சான்றளித்து வைத்திருக்கிறது. அது இன்னும் தீரவில்லை. ஈரானுக்கு 2016 ஜனவரியில் தடைகள் தளர்ந்தன, 2018 மே மாதம் அமெரிக்கா ஒப்பந்தத்திலிருந்து விலகியது. அந்த இரண்டேகால் ஆண்டில் நம்பிக்கையோடு உள்ளே போனவர்கள் மறுபடி வெளியேறும் வழி தேட வேண்டி வந்தது. தடை நீங்கினாலும் அது நிலைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

காலம் நீண்டால் உங்கள் நான்கு மடங்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பத்து ஆண்டில் நான்கு மடங்கானால் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 சதவீதம், நல்ல வருமானம்தான். இருபது ஆண்டானால் 7 சதவீதம். இது நிச்சயமாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. பாதி வாய்ப்பில் நான்கு மடங்கு, பாதி வாய்ப்பில் பூஜ்யம் என்றால், பத்து ஆண்டுக்கே சராசரியாக 7 சதவீதம்தான் தேறுகிறது. அதுவும் எண்ணற்ற முறை ஆடினால் வரும் சராசரி. நீங்கள் ஆடப்போவது ஒரே முறை. அந்தப் பாதி என்ற எண்ணும் நானாக வைத்தது. உங்கள் அதிகபட்ச நஷ்டத்தைக் கேட்டீர்கள்: போட்ட பணம் முழுவதும். எதை உங்களால் முன்கூட்டிக் கணக்கிட முடியாது என்றால், அந்தப் பணம் போனதா இருக்கிறதா என்பதே தெரியாமல் எத்தனை ஆண்டு காத்திருப்பீர்கள் என்பதை.

ரஷ்ய இணைய நிறுவனமான யாண்டெக்ஸின் பங்கு வைத்திருந்தவர்கள் அப்படிக் காத்திருந்தார்கள். அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் 2022 பிப்ரவரி 28இல் வர்த்தகம் நின்றது. தாய் நிறுவனம் நெதர்லாந்தில் பதிவானது என்பதால் அது ரஷ்யத் தொழிலை 47,500 கோடி ரூபிளுக்கு விற்றுவிட்டு, நெபியஸ் என்ற பெயரில் மீதித் தொழிலோடு 2024 அக்டோபரில் சந்தைக்குத் திரும்பியது. இரண்டரை ஆண்டுக்கு மேல் கழித்து அவர்களுக்குக் கதவு திறந்தது. நிறுவனத்தின் சட்டப்படியான வீடு எந்த நாட்டில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று இதில் தெரியும். ஆனால் இந்த ஒரு கதையைக் காட்டி மற்றதும் இப்படி மீளும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, நான் என்ன சொல்வேன்? நீங்கள் குறிப்பிட்ட வகைப் பங்கை, நாடு முழுவதும் தடையில் இருக்கும்போது, நான் வாங்க மாட்டேன். தடை வரலாம் என்ற பேச்சு மட்டும் இருக்கும் நாடு என்றால், முழுதாகப் போனாலும் வாழ்க்கை மாறாத அளவுக்கு, பல நாடுகள் சேர்ந்த பொது நிதி ஒன்றின் வழியாக வைத்துக்கொள்வேன். வாங்குவதற்கு முன் தரகரிடம் எழுத்தில் கேட்பேன்: பங்கு கடைசியில் எந்த டெபாசிட்டரியில் யார் பெயரில் இருக்கும், சந்தை மூடினால் என் ஈவுத்தொகை எங்கே போய் நிற்கும்? தெளிவான பதில் வரவில்லை என்றால் அதுவே பதில். வேறு நாட்டில் இருந்துகொண்டு அங்கே பெரும் லாபம் ஈட்டும் நிறுவனங்களையும் கவனியுங்கள். ஆஸ்திரியாவின் ராய்ஃபைசன் வங்கிக்கு ரஷ்யக் கிளை நிறுவனத்திலிருந்து கொழுத்த லாபம் வந்தது, அதை வீட்டுக்கு எடுத்துவரத்தான் வழியில்லை. 2023 ஜூலையில் டானோன், கார்ல்ஸ்பெர்க் நிறுவனங்களின் ரஷ்யத் தொழில்கள் ஒரே ஆணையில் அரசின் தற்காலிக நிர்வாகத்துக்குப் போயின.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முடங்கிய பங்கை நட்பு நாடு வழியாக விடுவித்துத் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள் என்று அணுகுபவர்கள் இருக்கிறார்கள். உண்மையான வழிகள் சில உண்டு, அவை இரு பக்க அரசுகளின் உரிமத்தோடு நடப்பவை. முன்பின் தெரியாதவர் சொல்லும் வழியில் போனால் மிஞ்சிய பணமும் போகும், அதோடு நீங்களே தடையை மீறியவர் ஆகிவிடலாம்.

ஏற்கெனவே இப்படி ஒரு பங்கு உங்கள் கையில் இருந்தால், பதற்றத்தில் எந்தக் கணக்கையும் மூடாதீர்கள். வாங்கிய நாளின் ஒப்பந்தச் சீட்டு, மாத அறிக்கைகள், ஈவுத்தொகை அறிவிப்புகள், தரகரின் மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் உங்கள் கணினியிலும் காகிதத்திலும் எடுத்து வையுங்கள். ரசீது என்றால் மாற்றத்துக்கான கடைசித் தேதி வரும் கடிதத்தைத் தவறவிடாதீர்கள். அது சில வாரங்கள்தான் இருக்கும். நான் பார்த்தவரை, பத்தாண்டு கழித்து ஒரு வழி பிறக்கும்போது தரகு நிறுவனம் கைமாறியிருக்கும், பழைய செயலி இயங்காது. அப்போது கேட்கப்படும் முதல் ஆவணம் அந்த ஒப்பந்தச் சீட்டுதான்.